ஜாமில் கொதிக்காத எம்.ஜி.பி: கார் போர்ச்சிலேயே செய்யக்கூடிய வேலைகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ எம்.ஜி.பி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர்கள் முதலில் விலை விசாரிப்பது மூன்று சாமான்களுக்கு: அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி, எலெக்ட்ரானிக் இக்னிஷன். மூன்றுமே நல்ல சாமான்கள்தான். ஆனால் இந்தக் கார் இங்கே கொதிப்பதற்கும் நடுச்சாலையில் நிற்பதற்கும் பெரும்பாலும் காரணம், ஐம்பது அறுபது வருட அழுக்கும் துருவும் அரைகுறை ரிப்பேரும். அவற்றைச் சரிசெய்யாமல் மேலே புதுசை மாட்டினால் பழுது மறையும், போகாது. முதலில் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு நம் வெயிலும் மழையும் ஜாமும் கேட்கிற மாற்றங்களை மட்டும் செய்யுங்கள்.

எம்.ஜி.பி 1962-இல் தொடங்கி 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதனால்தான் இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாச் சாமானும் புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் முழு பாடியையே பழைய அச்சுகளை வைத்து அடித்துத் தருகிறது. 1798 சி.சி எஞ்சின், பிளாக்கும் ஹெட்டும் இரண்டும் வார்ப்பிரும்பு. பொன்னெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். வீட்டில் வேலை செய்ய இதைவிட ஏற்ற கார் குறைவு.

கருவிப்பெட்டி பற்றி ஒன்று மட்டும். இந்தக் காரின் போல்ட் நட்டுகள் மெட்ரிக் அல்ல, யூ.என்.எஃப் என்ற அங்குல அளவுமுறை. 7/16, 1/2, 9/16 அங்குல ஏ.எஃப் (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே உள்ள அளவு) ஸ்பேனர்கள்தான் அதிகம் வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் 1/2 அங்குல நட்டுக்கு 13 மி.மீ ஸ்பேனரைப் போடுவது வழக்கம். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ, அந்த 0.3 மி.மீ இடைவெளிதான் துருப்பிடித்த நட்டின் மூலைகளை உருட்டிவிடுகிறது. உருண்டுபோன நட்டுகள் நிறைய தென்பட்டால், முன்பு வேலை செய்தவர் மற்ற இடங்களிலும் எவ்வளவு கவனமாக இருந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

வெப்பம்: பிளாக்கிலிருந்து தொடங்குங்கள்

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, பிளாக்கின் வலப்பக்கம் பின்கோடியில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். பல கார்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது. குழாயை முழுக்கத் திருகி எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் கம்பியை விட்டால், முனை ஒரு அங்குலம் போவதற்குள் மெத்தென்று எதிலோ முட்டும். வெளியே இழுத்தால் அடர்த்தியான காவிச் சேறு. விரலில் தேய்த்தால் மணல்போல் நெருடும். வார்ப்பிரும்பின் துருவும், வருஷக்கணக்காக ஊற்றிய வெறும் பைப் தண்ணீரின் படிவும் சேர்ந்தது அது. தண்ணீர் ரேடியேட்டர் இருக்கும் முன்பக்கம் வேகமாகவும் பின்கோடியில் மெதுவாகவும் ஓடுவதால், சேறு தங்குவது நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான். அங்கே தண்ணீர் ஓடாவிட்டால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும். நாலாவது சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும்.

கம்பியைப் பல கோணங்களில் விட்டுக் கிளறுங்கள். தெர்மோஸ்டாட்டின் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வால்வு) மூடியைக் கழற்றி, மேலேயிருந்து தோட்டத்து ஹோஸ் பைப்பை வைத்துத் தண்ணீர் விடுங்கள். கலங்கல் குறைந்து கீழ் ஓட்டையில் தண்ணீர் தடையில்லாமல் கொட்டும்வரை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். ஒரு முழு மதியம் பிடிக்கலாம். அதற்குப் பிறகும் சேறு விடாமல் வந்தால் பிளாக்கின் பக்கத்தில் ஓட்டைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளை எடுத்துவிட்டு அவற்றின் வழியாகச் சுரண்டுவதுதான் வழி. கடைசியாக, லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரை நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, சில மணிநேரம் விட்டு வடித்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவி, மறுபடி வெறும் தண்ணீரால் கழுவவேண்டும். அலுமினிய ரேடியேட்டர் மாட்டியிருந்தால் சிட்ரிக் ஆசிட் கூடாது. ஹீட்டர் பழசாக இருந்தால் இந்தக் கழுவலில் அதுவரை துருவே அடைத்து வைத்திருந்த ஊசித்துளைகள் திறந்துகொள்ளும்; கார்ப்பெட்டில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். முடியாவிட்டால் புதுக் கோர் (நடுவில் உள்ள குழாய்ப் பகுதி) வைத்துப் பற்றவைக்கலாம். நல்ல கோர் வைத்த அசல் ரேடியேட்டரே கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை ஜாமுக்குப் போதுமானது என்பது என் தீர்மானமான கருத்து. ரேடியேட்டரைத் திரும்ப மாட்டும்போது, அதன் மேல்விளிம்புக்கும் பாடிக்கும் இடையே உள்ள சந்துகளை நுரைப்பட்டையால் அடையுங்கள். இல்லாவிட்டால் காற்று கோரின் வழியாகப் போகாமல் சந்து வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். சில ரிங்கிட் செலவு, பலன் பெரியது.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. "அதைக் கழற்றிப் போட்டுருங்கண்ணே, நம்ம வெயிலுக்கு அது வேணாம்" என்று ஃபோர்மேன்கள் சொல்வார்கள். ஜாமில் எஞ்சின் சூடாகும்போது தெர்மோஸ்டாட் எப்படியும் முழுக்கத் திறந்துதான் இருக்கும். அதை எடுப்பதால் அங்கே லாபம் ஒன்றுமில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாது, ராக்கர் மூடிக்குள் வெண்ணெய் நிறத்தில் பசை படியும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். தொழிற்சாலை மூன்று அளவுகளைச் சொன்னது: சாதாரண நாடுகளுக்கு 82 டிகிரி, குளிர்நாட்டுக்கு 88, வெப்பநாட்டுக்கு 74. இங்கே 74 அல்லது 82 போடுங்கள். அதன் தட்டில் 3 மி.மீ ஓட்டை ஒன்று போட்டுவிட்டால் நிரப்பும்போது காற்று சிக்காது.

ரேடியேட்டர் மூடி ஆரம்பகாலக் கார்களில் 7 பி.எஸ்.ஐ, பிந்தியவற்றில் 10-உம் அதற்கு மேலும். 10 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 115 டிகிரி வரை கொதிக்காது. அதனால் நிறுத்திய பின் முள் கொஞ்சம் ஏறுவதைப் பார்த்து அஞ்சவேண்டாம். பழைய ஹீட்டரையும் ஹோஸ்களையும் வைத்துக்கொண்டு 15 பி.எஸ்.ஐ மூடி போடுவதுதான் ஆபத்து. மொத்தம் ஏறத்தாழ 6 லிட்டர் பிடிக்கும். நமக்கு உறைபனி இல்லை, துருத்தடுப்புத்தான் தேவை. கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வார்ப்பிரும்புக்கேற்ற பழைய வகை நீல கூலன்ட், மீதி டிஸ்டில்ட் வாட்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் கொதித்தால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பாருங்கள். ஆரம்பகால எஞ்சின்களுக்கு, எஞ்சின் ஓடாதபோது வைக்கும் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன். ரோன் 95 ஊற்றி, மேட்டில் 'கிணுகிணு'வென்று தட்டும் சத்தம் வந்ததும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். சத்தம் நிற்கும், ஆனால் பெட்ரோல் தாமதமாக எரிவதால் வெப்பம் எக்ஸாஸ்ட் பக்கம் போய் ஹெட்டைச் சுடும். உயர் கம்ப்ரஷன் எஞ்சினின் விகிதம் 8.8-க்கு 1, அந்தக் காலத்து இங்கிலாந்தின் நாலு நட்சத்திரப் பெட்ரோல் 97 ஆக்டேன். ஆகவே ரோன் 97 ஊற்றி டைமிங்கைச் சரியான இடத்தில் வையுங்கள். பெட்ரோல் காசு கூடத்தான் ஆகும்; கேஸ்கெட் மாற்றும் காசைவிடக் குறைவு.

ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு சீட்டைத் தேய்த்துவிடுமோ என்ற கவலைக்கு வால்வு இடைவெளியே பதில் சொல்லும். ஆறிய எஞ்சினில் 0.38 மி.மீ. எட்டு வால்வு; எண்களின் கூட்டு ஒன்பது வரவேண்டும் என்பது விதி: ஒன்றாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை வையுங்கள், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை. 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். இவற்றில் ஒன்றின் இடைவெளி ஒவ்வொரு 5,000 கிலோமீட்டரிலும் குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வின் சீட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றி ரீபோர் கடையில் கடினச் சீட் அடித்துக்கொள்ளலாம். அதுவரை ஹெட்டைத் தொடவேண்டாம். கழற்றிய ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது அதன் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, 61 முதல் 68 நியூட்டன் மீட்டர் வரை.

பெட்ரோல் கொதிப்பதும் எஸ்.யூ கார்புரேட்டரும்

இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், இடப்பக்கம். ஜார்ஜ் டவுனில் வெயிலில் ஓட்டி வந்து, காரை நிறுத்தி, ஒரு சார் குவே தியாவ் சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எடுக்காமல் இழுப்பது இதனால்தான். ஃப்ளோட் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் சோக்கை இழுக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் எடுக்கும்.

நிரந்தரத் தீர்வு மூன்று இடங்களில். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய வெப்பத்தடுப்புத் தகடு பல கார்களில் காணாமல் போயிருக்கும். புதிதாக வாங்கி மாட்டுங்கள். பழைய தகடு இருந்தால் அதில் ஒட்டியுள்ள பட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாதீர்கள், நனைத்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டுப் புதியதை வையுங்கள். அடுத்தது, கார்புரேட்டருக்குப் பின்னால் வரும் தடித்த பேக்லைட் ஸ்பேசரும் அதன் இரு பக்க கேஸ்கெட்டும். மூன்றாவது, பெட்ரோல் ஹோஸ் பிளாக்கையோ ரேடியேட்டர் ஹோஸையோ தொடாமல் போகவேண்டும். ஹோஸ் இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ஆர்9 தரத்தில் இருக்கட்டும். சந்தையில் பழைய பாணியில் துணி சுற்றி விற்கும் மலிவு ஹோஸ் சில வருடங்களிலேயே உள்ளே உதிர்ந்து, கறுப்புத் துகள் ஃப்ளோட் ஊசியில் சிக்கும்.

எஸ்.யூ கம்பெனியின் இந்த இரட்டைக் கார்புரேட்டர்களைக் கண்டு பயப்படவேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் மேலே தூக்கிவிடுங்கள். அது நிதானமாக இறங்கி, கடைசியில் உலோகத்தில் உலோகம் முட்டும் 'டக்' என்ற தெளிவான சத்தம் வரவேண்டும். சத்தம் மங்கலாக இருந்தாலோ பாதியில் நின்றாலோ, ஊசி ஜெட்டை உரசுகிறது, இல்லையென்றால் சேம்பருக்குள் அழுக்கு. பழைய வகையில் ஊசி அசையாது. ஜெட்டைத் தளர்த்தி நடுவில் நிறுத்தி இறுக்கவேண்டும். பிந்திய வகையில் ஊசி ஸ்பிரிங்கில் சாய்ந்தே இருக்கும், அதற்கு இந்த வேலை இல்லை. சேம்பரையும் பிஸ்டனையும் பெட்ரோலால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் படவே கூடாது. இரண்டு கார்புரேட்டரின் பிஸ்டன்களையும் ஒன்றோடொன்று மாற்றிவிடாதீர்கள், ஒவ்வொன்றும் அதனதன் சேம்பருக்கு ஏற்ப அளவு பார்த்துப் பொருத்தப்பட்டது.

டேம்பர் எண்ணெய் 20 கிரேடு. பிஸ்டன் நடுவில் உள்ள குழல்தண்டின் மேல்விளிம்பைவிட சுமார் 12 மி.மீ மேலே நிற்கட்டும். கலவையைத் தொடங்க ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, பிறகு பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுச் சரிசெய்துவிட்டு, பிஸ்டனைத் தூக்கும் ஊசியால் ஒரு மி.மீ-க்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணையப்பார்த்தால் குறைவு. கணநேரம் லேசாகக் கூடி மறுபடி பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஐட்லிங் 800-இல் வைத்தால் ஜாமில் எண்ணெய் அழுத்தமும் சார்ஜிங்கும் தாங்கும்.

எவ்வளவு முயன்றும் ஐட்லிங் நிலைக்காவிட்டால் த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. புது ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போடாமல் எந்த டியூனிங்கும் நிற்காது. காற்றுக் கசிவைத் தேட ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நேர்கீழே எக்ஸாஸ்ட் பழுக்கச் சூடாக இருக்கிறது. நாலு சொட்டு எண்ணெயை ஸ்பிண்டில் முனையில் விட்டால் போதும், ஐட்லிங் மாறினால் கசிவு அங்கேதான்.

எஸ்.யூ மின்பம்ப்பின் சத்தத்தைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். சாவி போட்டதும் சில தட்டு தட்டிவிட்டு நிற்கவேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் சில விநாடிக்கு ஒரு தட்டு கேட்டால் ஃப்ளோட் ஊசி கசிகிறது. நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது இழுக்கும் பக்கத்தில் காற்று நுழைகிறது. சத்தமே இல்லையென்றால் பம்ப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்துப் பூட்டுங்கள்.

மின்சாரம்

ஒயர்களின் நிறத்தை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு எப்போதும் நேரடி மின்சாரம், ஃபியூஸ் இல்லாதது. வெள்ளை இக்னிஷன். பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா எப்போதும் இருக்கும் ஃபியூஸ் மின்சாரம். நீலம் ஹெட்லைட், சிவப்பு சிறு விளக்கு, கறுப்பு எர்த். குறை பெரும்பாலும் ஒயரில் இருக்காது; ஒயர்கள் சேரும் தோட்டா வடிவ இணைப்புகளில் இருக்கும். பினாங்குக் கடற்காற்றில் அந்தப் பித்தளைக் குழல்கள் பச்சை பூத்துவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்து, தளர்ந்த குழலை மாற்றி, வேஸலின் தடவிச் சேருங்கள். சலிப்பூட்டும் வேலை, இந்தக் காருக்கு இதைவிடப் பலன் தரும் மின்வேலை வேறில்லை.

ஃபியூஸில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் காரின் அசல் லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்ப் என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். நம் கடைகளில் கிடைக்கும் 35 ஆம்ப் கண்ணாடி ஃபியூஸ் 35 ஆம்ப்பைத் தொடர்ந்து விடும். அதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும். 15 அல்லது 20 ஆம்ப் போடுங்கள்.

மின்விசிறி மாட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. 1967-க்கு முந்திய கார்களில் சி40 டைனமோ. நல்ல வேகத்தில் அதிகபட்சம் 22 ஆம்ப், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரவு, மழை, ஜாம் என்று வையுங்கள்: ஹெட்லைட் 9, விசிறி 10, வைப்பர் 3, இக்னிஷன் 4, சிறு விளக்குகள் 2. மொத்தம் 28. பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே மின்விசிறி மாட்டுவதற்கு முன் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள்: பழைய 16ஏ.சி.ஆர் 34 ஆம்ப் தரும், 18ஏ.சி.ஆர் 45. மாட்டும்போது பழுப்பு ஒயரைத் தடிமனாக்குங்கள். விசிறிக்குத் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), தனி ஃபியூஸ். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பசாரில் ரிலே, சாக்கெட், ஒயர் எல்லாம் சில்லறை விலைக்கே கிடைக்கும். ஹெட்லைட்டுக்கும் இரண்டு ரிலே போட்டுவிடுங்கள். பழைய சுவிட்ச் வழியாக முழு மின்சாரமும் போகாதபோது அதே பல்பு பளிச்சென்று எரியும், சுவிட்சும் பிழைக்கும்.

பழைய கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால்தான் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலான எலெக்ட்ரானிக் இக்னிஷன்களும் சேரும். பேட்டரி முனைகளை மாற்றி, காயிலின் இரண்டு சிறு ஒயர்களை இடம் மாற்றவேண்டும். டைனமோவை வைத்துக்கொள்வதாக இருந்தால், அதன் ஒயர்களைக் கழற்றிவிட்டு எஃப் முனையில் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரை நொடிப்பொழுது இரண்டு மூன்று முறை தொட்டெடுத்து காந்தத்தைத் திருப்பவேண்டும். மின்சார டேக்கோமீட்டருக்கு உள்ளே மாற்றம் தேவை, அதை மறந்தால் முள் அசையாது. பெட்ரோல் பம்ப்பில் டயோடு இருந்தால் அதையும் கவனியுங்கள்.

இக்னிஷனைப் பொறுத்தவரை, பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ, பிளக் 0.64 மி.மீ, என்.ஜி.கே பி.பி.6.இ.எஸ். எலெக்ட்ரானிக் மாட்டினாலும் பாயிண்ட்டும் கண்டென்சரும் காரின் பின்பெட்டியில் இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் உள் எடைகளும் ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்திருந்தால் எலெக்ட்ரானிக் போட்டும் டைமிங் முன்னேறாது. முதலில் அவற்றைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள்.

பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ்

பிரேக்கில் சேமிக்கக்கூடாது. நம் ஈரக்காற்றில் பிரேக் எண்ணெய் சீக்கிரம் தண்ணீரை உறிஞ்சும். டாட் 4 போட்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும்; அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது, சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் போட்டால் துருப் பிரச்சினை தீர்ந்தது. பின் டிரம்மின் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை இறுக்கி, ஒன்றிரண்டு 'க்ளிக்' தளர்த்துங்கள். பழைய ஷூ தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

முன்சக்கரங்கள் திரும்பும் தண்டுகளான கிங்பின்களில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். லீவர் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ஒழுகினால் பழுதுபார்த்ததை வாங்கி மாட்டுங்கள். டெலஸ்கோப்பிக் மாற்றுக்குக் காசு செலவழிப்பதைவிட முன்கீழ் விஷ்போனில் வி8 வகை ரப்பர் புஷ் போட்டுப் பாருங்கள், ஸ்டியரிங்கில் தெரியும் மாற்றம் அதிலேயே அதிகம். கம்பிச் சக்கரம் என்றால் ஸ்ப்ளைன் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கியர்பாக்ஸில் கியர் ஆயில் ஊற்றக்கூடாது. எஞ்சினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50 தான். அழுத்தம் தாங்கும் மருந்து கலந்த 90 ஆயில் ஓவர்டிரைவின் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கூம்புக் கிளட்ச்சை வழுக்கவைக்கும், பித்தளைப் பாகங்களையும் அரிக்கும். 90 ஆயிலுக்கான இடம் பின் ஆக்சில். பிந்திய குழாய் வகைக்கு 0.85 லிட்டர். ஓவர்டிரைவ் இருந்தால் அதைச் சீராக்குங்கள், ஐந்து கியர் மாற்றுப் பெட்டியைத் தேடி அலையவேண்டாம். நாலாவது கியரில் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் சுமார் 3,800 சுற்று சுற்றும். ஓவர்டிரைவில் சுமார் 3,050. ஈப்போ வரை போய்வந்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும். ஓவர்டிரைவ் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் மின்சாரக் குறைதான்: சுவிட்ச், ஒயர், எர்த் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் உள்ளே போங்கள்.

கிளட்ச் ரிலீஸ் பேரிங் கிராஃபைட். ஜாமில் பெடலில் கால் வைத்துக்கொண்டே நின்றால் கரைந்துவிடும்; மாற்ற எஞ்சினை இறக்கவேண்டும். நிற்கும்போது நியூட்ரலுக்கு வாருங்கள்.

பெரிய எஞ்சின், ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த காரில்) வந்த ஜப்பான் எஞ்சின் என்று போக நினைப்பவர்கள், இறக்குமுன் ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் பரிசோதனையும் பற்றி விசாரியுங்கள். எஞ்சின் எண் கிராண்ட்டோடு (பதிவுப் பத்திரத்தோடு) ஒத்துப்போகாத கார் அழகாக ஓடினாலும் விற்கவும் முடியாது, இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும்.

துரு

செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் என்றால் அது சில். கதவுக்குக் கீழே ஓடும் இந்தப் பகுதி எம்.ஜி.பி-யின் முதுகெலும்பு, திறந்த காருக்கு மேலே கூரை இல்லாததால் பலமெல்லாம் இங்கேதான். மூன்று அடுக்கு: வெளிச் சில், நடுவில் செங்குத்துத் தகடு, உள்சில். வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பளபளவென்று பெயிண்ட் அடித்த கார்கள் நிறைய. காரை ஜாக்கியில் தூக்கிக் கதவை மூடிப் பாருங்கள். கதவின் பின்விளிம்பு இடைவெளி குறைந்து பூட்டில் இடித்தால் நடுத்தகடு போய்விட்டது.

மாற்றுவதென்றால், பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே தூரத்தில் வையுங்கள், பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கதவுத் தூண் முதல் பின்தூண் வரை இரும்புச் சட்டம் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். கார் தன் எடையில், சக்கரங்களிலேயே, சமதரையில் நிற்கட்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கத்தை வெட்டவேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கார் நடுவில் தொங்கிவிடும். புதுத் தகட்டை இடுக்கிகளால் பிடித்துவைத்து, கதவை மாட்டி மூடி, மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெல்டிங் தொடங்குங்கள். விளிம்புகளில் 6 மி.மீ ஓட்டைகளை 25 மி.மீ இடைவெளியில் போட்டு, மிக் வெல்டரில் 0.8 மி.மீ கம்பியால் நிரப்புங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் தகடு கோணும். மாறி மாறி, ஆறவிட்டுச் செய்யுங்கள். சேரும் முகங்களில் வெல்டிங் தாங்கும் ஸிங்க் பிரைமர். பெயிண்ட் காய்ந்த பிறகு உள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சுங்கள். நம் வெயிலில் அது இளகித் தையல்களுக்குள் தானாகவே இறங்கும்.

தண்ணீர் வெளியேறும் வழிகளைத் திறந்து வைப்பதும் வெல்டிங் அளவுக்கு முக்கியம். கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுவாய்க்குள் மழைநீரும் அங்சானா இலைத்துணுக்குகளும் விழும். அங்கிருந்து கீழே போகும் ரப்பர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, கால்வைக்கும் இடத்தின் மேல்தகடு உள்ளிருந்து துளைத்துப் போகும். சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளை அண்டர்சீல் அடைத்திருந்தால் குத்தித் திறங்கள். பெட்ரோல் டேங்க் மேல்பக்கத்தில்தான் துருப்பிடிக்கும், பின்பெட்டியின் தரைத்தகட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே ஈரம் தங்குவதால். சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகளில் தேங்கும் அமிலத்தையும் தண்ணீரையும் சமையல் சோடாவால் கழுவுங்கள்.

கார் போர்ச்சில் நிற்கும் காரை நீல பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள். மழைவிட்டு வெயில் அடிக்கும்போது உள்ளே ஆவி கட்டி, மூடாத காரைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். காற்றுப் போகும் துணி உறை போடுங்கள், அல்லது வெறுமனே விட்டுக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வையுங்கள். திடீர் வெள்ளத்தில் தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சுவரை ஏறிவிட்டால், அன்றைக்கே டிரம்களைத் திறந்து உலர்த்தி, முன் ஹப் பேரிங்குகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்து, பின் ஆக்சிலின் வடிகால் பிளக்கைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால்நிறமாக இருந்தால் முழுக்க வடித்துப் புதிது நிரப்பி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை மாற்றவேண்டும்.